எண்ணெய் குடித்த மேசை

போன மாதம் ஒரு புதன்கிழமை. ஆபீஸ் மீட்டிங். நான் ரொம்ப சீரியஸாக ஏதோ விளக்கிக்கொண்டிருக்கிறேன்... என் காபி டம்ளர் மெல்ல நகர்ந்து லேப்டாப்பை நோக்கி வருகிறது.

பேயெல்லாம் இல்லை. மேசை. நாலு வருடத்துக்கு முன்னால் ஆன்லைனில் வாங்கியது. மேலே மரம் மாதிரி ஒரு படம் ஒட்டியிருக்கும். உள்ளே வெறும் மரத்தூள். அது நடுவில் தொய்ந்து, டம்ளர் சறுக்குமரம் விளையாடும் அளவுக்கு வந்துவிட்டது. மைக்கை மியூட் செய்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். ஒரு ஸ்க்ரூ கழன்று தொங்கியது. தொட்டதும் பொடியோடு கையில் வந்தது.

சரியாக அந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே ஒரு லோடு ஆட்டோ போனது. பிரித்த வீட்டு மரம் — எங்கள் காரைக்குடியில் அடிக்கடி கண்ணில் படுகிற சுமைதான். எல்லாம் பரண் பலகைகள். ஒவ்வொன்றும் ஒன்றரை அங்குலக் கனம். எத்தனை அண்டா குண்டாவைத் தாங்கியிருக்கும்? ஒன்றாவது தொய்ந்திருக்கிறதா?

அவ்வளவுதான். மேசை... நானே செய்கிறேன்!

இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர்கள் இங்கே ஒரு பெருமூச்சு விடுவீர்கள். மொட்டைமாடியில் காளான் வளர்க்கப் போய் எறும்பு வளர்த்தவள், சோப்பு காய்ச்சி ஊருக்கே அரிப்பு கொடுத்தவள்... தெரியும். ஆனால் இந்தத் தடவை விஷயம் என்னோடு போவதில்லை.

என் கணவர் கதிர் அதுவரை சென்னையில் வேலை பார்த்தார். வாரத்தில் ஒரு நாள்தான் வீடு. இப்போது வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை கிடைத்துவிட்டது. சேர்வதற்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

"மேசை ஒண்ணு ஆர்டர் போட்டுட்டேன் வள்ளி. ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்துரும்" என்றார்.

"கேன்சல் பண்ணுங்க."

"எதுக்கு?"

"நான் செஞ்சு தாரேன். தேக்குல."

"திங்கக்கிழமை காலைல ஒன்பது மணிக்கு ரெண்டு மானிட்டர வச்சு உக்காரணும். மொத நாளு. வெளையாட்டு இல்ல."

"உக்காருவீக."

கேன்சல் செய்துவிட்டார், நல்ல மனுஷன். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை — என் மாமியார் — மகனைப் பார்த்து, "அவ செஞ்சுருவாப்பா. எதுக்கும் மானிட்டர் வந்த அட்டப்பொட்டிய தூரப் போட்டுராத. கவுத்துப் போட்டா அதுவும் மேசதான்" என்றார்.

மறுநாளே பழைய மரக்கடைக்குப் போனேன்.

"என்னத்தா, ஊஞ்சப் பலகையா?" என்றார் கடைக்காரர்.

"இல்லண்ணே. மேச செய்யணும்."

"ஆசாரி யாரு?"

"நான்தான்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கடையின் உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்: "ஏப்பா, எல்லாரும் இங்குட்டு வாங்க. ஆசாரி வந்திருக்காக!"

சிரிக்கட்டும். ஐந்து பலகை பொறுக்கி எடுத்தேன். ஒவ்வொன்றும் ஐந்தடி நீளம், ஆறங்குல அகலம். பக்கத்தில் பக்கம் வைத்து ஒட்டினால் முப்பது அங்குல அகலத்தில் மேசைப் பலகை. ஐந்து பலகைக்கு நான்கு மூட்டு. கணக்கு எவ்வளவு சுலபம், பாருங்கள்!

ஸ்கூட்டர் ஷெட்டுதான் பட்டறை. ஸ்கூட்டர் வேப்பமரத்தடிக்குப் போனது. பலகைகளில் ஒளிந்திருந்த ஆணிகளைப் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை வைத்துத் தேடிப் பிடுங்கினேன். பிறகு எலக்ட்ரிக் பிளேனரை ஓட்டினேன். கரிப்புகை படிந்த கறுப்புத் தோல் சுருள் சுருளாக உரிந்தது. அடியில்... அடடா! தேன் நிறம். ரேகைகள் ஆற்றுமணலில் தண்ணீர் ஓடிய தடம் மாதிரி.

இதை யாருக்காவது காட்டாமல் இருக்க முடியுமா?

போட்டோ எடுத்தேன். நிறம் சரியாக வரவில்லை. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. விசேஷம் வந்தால் முதல் வேலை, நிலைக்கதவுக்கு எண்ணெய் தடவித் துடைப்பது. அதற்கென்றே ஒரு எண்ணெய்த்துணி கதவுக்குப் பின்னால் தொங்கும். எடுத்து வந்தேன். ஐந்து பலகைக்கும் தேங்காய் எண்ணெய்க் குளியல். மேல்பக்கம், கீழ்ப்பக்கம், ஓரங்கள் — எதையும் விடவில்லை. வேலை என்றால் சுத்தமாக இருக்க வேண்டாமா?

போட்டோ பிரமாதமாக வந்தது. ஸ்டேட்டஸ் போட்டேன். நாற்பது இதயம் வந்தது.

புதன்கிழமை காலை ஓரங்களில் பசை தடவி, பலகைகளைச் சேர்த்து, ஆறு கிளாம்ப் போட்டு இறுக்கினேன். வியாழன் காலை கதிரைக் கூட்டி வந்து, வெற்றி வீராங்கனை மாதிரி கிளாம்ப்பைக் கழற்றினேன். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம்.

டப்.

ஒரு மூட்டு விட்டது. நான் "ஐயோ" என்று முடிப்பதற்குள் இரண்டாவதும்.

கதிர் திட்டவில்லை. அதுதான் கஷ்டம். போனை எடுத்துக்கொண்டு, "எக்ஸ்பிரஸ் டெலிவரி இருக்கு. போட்டுறவா?" என்று மட்டும் கேட்டார்.

"நாளைக்குக் காலைல வரைக்கும் பொறுங்க."

"நாளைக்கு என்ன ஆயிரும்?"

தெரிந்தால்தானே சொல்வதற்கு? தரையில் உட்கார்ந்து பிரிந்த ஓரத்தைப் பார்த்தேன். பசை காய்ந்துதான் இருந்தது. நகத்தால் நெம்பினால் பள்ளிக்கூடத்தில் பசையை உள்ளங்கையில் ஊற்றி உரிப்போமே, அந்த மாதிரி ஒரே ஏடாக வந்தது. மரத்தைப் பிடிக்கவே இல்லை. ஏன்? மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனேன்... தேங்காய் எண்ணெய்.

நாற்பது இதயமும் ஒரே நேரத்தில் வலித்தது.

படித்த படிப்புக்கு ஒரு உபயோகம் வேண்டாமா? துண்டுப் பலகைகளை எடுத்து, அதே எண்ணெயைத் தடவிப் பரிசோதனை வைத்தேன். ஒரு ஜோடியை எண்ணெயோடு அப்படியே ஒட்டினேன். இன்னொரு ஜோடியின் ஓரத்தை இழைத்து, பெயின்ட் கலக்கும் தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, உடனே ஒட்டினேன். வெள்ளி காலை, கதிர் முன்னால், இரண்டையும் சுத்தியலால் அடித்தேன்.

முதல் ஜோடி ஒரே அடியில் பிரிந்தது. இரண்டாவது ஐந்தாவது அடியில்தான் உடைந்தது. அதுவும் எங்கே? மூட்டில் இல்லை. மூட்டுக்குப் பக்கத்தில், மரத்தில்!

"அப்ப விட்டுப்போன ரெண்டையும் திரும்ப ஒட்டிரலாம். மத்த ரெண்டும் நல்லாத்தான இருக்கு?" என்றார் கதிர்.

நல்லாத்தான் இருக்கிறதா? பிடித்திருந்த இரண்டு மூட்டுகளையும் பார்த்தேன். கோடுகூடத் தெரியவில்லை. அப்படியே விட்டுவிட்டால் பாதி வேலை மிச்சம். மூன்றே நாள்தான் இருக்கிறது. ஆனால் ஒரு நாள், நடு மீட்டிங்கில், இரண்டு மானிட்டரோடு...

சுத்தியலை எடுத்தேன்.

"ஏய் வள்ளி, என்ன செய்ற!"

மூன்றாவது ஒரே அடியில் போனது. நான்காவதற்கு இரண்டு. கதிர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, "நான் எதப் பிடிக்கணும்?" என்றார்.

எட்டு ஓரங்களையும் எண்ணெய் ஊறாத மரம் தெரியும் வரை இழைத்தோம். எலக்ட்ரிக் பிளேனரை நம்பாமல், கடைசியில் கையால் தள்ளும் இழைப்புளி. தேங்காய் எண்ணெய் வாசனை போய்த் தேக்கு வாசனை வந்த பிறகுதான் நிறுத்தினேன். முப்பது அங்குலம் இருபத்தொன்பது ஆகிவிட்டது. போகட்டும். தின்னர், பசை, ஆறு கிளாம்ப். சனிக்கிழமை முழுக்க அதன் பக்கம் யாரும் போகக்கூடாது என்று ஷெட்டைப் பூட்டிச் சாவியை அத்தையிடம் கொடுத்துவிட்டேன். எனக்கு என்மேல் நம்பிக்கை இல்லை.

ஞாயிறு காலை கழற்றினோம். தூக்கினோம். ஒரு முனையைப் பிடித்து முறுக்கினோம். அசையாமல் கம்மென்று இருந்தது!

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெல்டிங் பட்டறையில் செய்து வைத்திருந்த இரும்புக் கால்களில் ஏற்றினேன். மழைக்காலத்தில் மரம் விரியும் என்பதால், ஸ்க்ரூ ஓட்டைகளைக் கொஞ்சம் நீளமாக அறுத்திருந்தேன். கடைசியாக எண்ணெய். இதைத்தான் கடைசியில் செய்திருக்க வேண்டும். யோசித்துப் பார்த்தால் நம்மில் பாதிப் பேர் இப்படித்தானே? ஒட்டும் முன்பே மினுக்கிவிடுகிறோம். பாராட்டும் வாங்கிவிடுகிறோம். பிறகுதான் டப்.

சாயங்காலம் அறைக்குள் போனால் மேசைமேல் அத்தை நிற்கிறார். கையில் துடைப்பம். ஃபேனில் ஒட்டடை.

"அத்தை! இறங்குங்க!"

"எதுக்குத்தா கத்துற? ஆடுதான்னு பாக்குறேன்." இரண்டு குதி குதித்தார். "ஆடல."

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குக் கதிர் உட்கார்ந்தார். இரண்டு மானிட்டர், ஒரு கீபோர்டு, ஒரு புதுச் சட்டை. கதவிடுக்கு வழியாக நான் எட்டிப் பார்த்தது ஆறு தடவை. ஆறாவது தடவை அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகத்தைக் குறுக்காக ஓட்டி மூட்டைத் தேடுகிறார்.

"எதுன்னே தெரியலயே" என்றார், மைக்கை மியூட் செய்யாமல்.

அடுக்களையில் அத்தை சிங்கம்புணரியில் இருக்கும் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்: "ஆமாடி, தேக்குதான்... ஆசாரியா? எங்க வீட்ல ஆசாரி எதுக்கு? அதான் வள்ளி இருக்காளே."

நான் தண்ணீர் குடிக்க வந்தவள். குடித்தேனா என்று நினைவில்லை.

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அடுத்து சாப்பாட்டு மேச. எட்டுப் பேரு உக்காரணும். எட்டடி நீளம். தீவாளிக்கு என் தங்கச்சி குடும்பத்தோட வாரா, சொல்லிட்டேன்."

நாச்சியாபுரத்தில் ஒரு வீடு பிரிக்கிறார்களாம். செவ்வாய்க்கிழமைக்கு லீவு போட்டாயிற்று. மேசை எட்டடி. ஸ்கூட்டர் ஷெட்டின் நீளம் ஏழரை அடி... பின்சுவர் விஷயத்தை இன்னும் வீட்டில் சொல்லவில்லை.