பின்பக்கம் பார்த்த நாற்காலி

பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரை விட்டுக் கிளம்பி நாலு வருஷம் ஆகியிருந்த ஒரு தை மாதம். பனித்திட்டு மீனவக் குப்பத்தில் சித்தப்பா புதுப் படகு இறக்கப் போவதாகச் சேதி வந்தது. வலைப் பங்குச் சண்டையில் அவரும் அப்பாவும் பேச்சை நிறுத்தி ரொம்ப நாளாகியிருந்தது. இப்போது, "அண்ணன் வந்து கை வெச்சாதான் எறக்குவேன்" என்கிறாராம். அப்பாவோ, கட்டுமரம் கவிழ்ந்ததில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்து, வில்லியனூரில் என் வீட்டில் இருந்தார். போயே ஆகவேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன்.

கிடைத்த வண்டியைச் சொல்ல வேண்டும். நடக்கமுடியாத மனைவிக்காக ஒரு துரை மாற்றியமைத்த பழைய பிரெஞ்சுக் கார். கப்பலேறும்போது அதைத் தன் டிரைவரிடமே விட்டுப் போயிருந்தார். அதுபோல் இன்னொன்றை நான் பார்த்ததே இல்லை. பின்கதவைத் திறந்து பலகையைச் சாய்த்தால் சக்கர நாற்காலியை அப்படியே உள்ளே இழுத்துவிடலாம். ஒரே சங்கடம், உட்காருபவர் முகம் பின்கண்ணாடியைப் பார்த்துத்தான் இருக்கும்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். பாகூர் வழியாக இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். நானும் அப்பா பக்கத்தில் பின்னால் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டேன். வில்லியனூர்க் கோயில் கோபுரம் பனிக்குள் கரைந்தது. கரும்புத் தோட்டங்கள் நழுவிப் போயின. பாகூர் ஏரி, கடந்த பிறகுதான் கண்ணில் விரிந்தது. எதுவும் எங்களை நோக்கி வரவில்லை. தூக்கமா விழிப்பா என்றே தெரியவில்லை, அவ்வளவு சுகம்.

"இன்னாடி இது, எல்லாம் என்ன வுட்டுட்டுப் போவுது" என்றார் அப்பா.

பனித்திட்டு மணலில் கார் நின்றது. திரும்பிப் பார்த்தேன், எதிரே சித்தப்பா. முன்கண்ணாடி வழியே அவருக்குத் தெரிந்தது அண்ணனின் முதுகுதான்.

"மூஞ்சத் திருப்பிக்கினு வந்துகிறாருபா. இன்னும் கோவம் போவல. படகு எறக்க வாணாம்" என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

 டிரைவர் வண்டியை ஒடித்துத் திருப்பி, ரிவர்ஸில் மெல்ல விட்டார். பின்கண்ணாடியில் கடல் வந்தது, படகு வந்தது, சித்தப்பா பெரிதாகிக்கொண்டே வந்தார். காலையிலிருந்து அப்பாவை நோக்கி வந்தவை அவைதான்.

கதவு திறந்தது. "எங்கடா போற? வந்து புடிடா" என்றார் அப்பா. சித்தப்பா பலகைக்குக் காத்திருக்கவில்லை, அண்ணனை அப்படியே தூக்கிக்கொண்டார்.

நடக்க முடியாதவர்களைப் பனித்திட்டுக்குக் கூட்டிப் போகிறவர்களுக்கு: காற்று பலமாக இருக்கும், தலைக்குத் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். மணல் தொடங்கும் இடத்திலேயே வண்டியைத் திருப்பிக்கொள்ளுங்கள். யாராவது காத்திருக்கலாம்.