பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

சங்கத்தில் கம்ப்யூட்டர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று என் வீட்டுக்காரர் வந்து சொன்னபோது நான் சாமைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். மலையில் விளையும் சாமையையும் புளியையும் வாங்கி விற்கும் சங்கம் அது. மனு, கடிதம், கூட்டக் குறிப்பு எல்லாம் தமிழில் அடிக்க ஓர் ஆள் வேண்டும். செங்கத்தில் தேர்வு, இன்னும் ஒரு மாதம் இருந்தது. வயது வரம்பைப் பார்த்தால் எனக்கு அதுதான் கடைசி வருஷம். இதை விட்டால் அப்புறம் யாரும் என்னைக் கூப்பிடப் போவதில்லை.

எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் சயின்ஸில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஆனால் கல்யாணமாகி நெல்லிவாசல்நாட்டுக்கு வந்த பதினோரு வருஷத்தில் கீபோர்டில் ஓர் எழுத்துகூடத் தட்டியதில்லை. பட்டம் தகரப் பெட்டியில், கல்யாணப் புடவைக்கு அடியில் கிடந்தது. "படிச்சவதானே, இத்த கொஞ்சம் பாரு" என்று ஊரில் என்னிடம் கொண்டுவருவதெல்லாம் ரீசார்ஜ் ஆகாத செல்போன்தான். எனக்குக் கோபம் சட்டென்று வரும். அந்தப் பேச்சைக் கேட்டால் இரண்டு மடங்கு வரும்.

விரல் பழக வேண்டும். டைப்பிங் சென்டருக்குப் போக ஜீப் பிடித்து, பஸ் மாறி, இறங்குவதற்குள் அரைநாள் போய்விடும். மாட்டை யார் பார்ப்பது, கொல்லையை யார் பார்ப்பது? லேப்டாப் வாங்க வழியில்லை. சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறி உட்கார்ந்து செல்போனில் தேடியபோதுதான் அந்த வீடியோ வந்தது. ரேஷன் கார்டு அளவில் ஒரே ஒரு போர்டு, அதுவே முழுக் கம்ப்யூட்டர், டிவியில் மாட்டினால் போதும் என்றார்கள். மூன்று தடவை திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

மறுநாளே வாணியம்பாடிக்குக் கிளம்பிவிட்டேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் ரிப்பேர் செய்யும் பாய் ஒருவர் கடை வைத்திருந்தார்.

"பாய், ஒரே போர்டுல கம்ப்யூட்டர் வருதாமே, இருக்குதா?"

"கீதும்மா. காலேஜ் பசங்க புராஜெக்டுக்கு வாங்குவாங்க, முடிஞ்சதும் இங்கியே தள்ளிட்டுப் பூடுவாங்க. யாருக்கு?"

"எனக்குத்தான்."

அவர் பூதக் கண்ணாடியைத் தள்ளிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "வூட்ல மானிட்டர் கீதா?"

"டிவி இருக்குது. கவர்மெண்ட்ல குடுத்தது."

"அந்த டப்பாவா?" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. "டப்பாவோ கிப்பாவோ, அதுல படம் வருமா வராதா?" என்று கேட்டேன். சிரிப்பு நின்றுவிட்டது. "கோச்சிக்காதம்மா, வரும்" என்று சொல்லி, செல்போன் பழுதை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார். மெமரி கார்டில் மென்பொருளை ஏற்றித் தமிழ் விசைப்பலகையையும் போட்டுக்கொடுத்தார். எழுத்தெல்லாம் தேய்ந்துபோன ஒரு பழைய கீபோர்டும், ஒரு மவுஸும், மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று முனை உள்ள ஒரு கேபிளும் கொடுத்தார். போர்டை மூடிவைக்கிற பெட்டி மட்டும் கடையில் இல்லை. வெறும் போர்டைச் செய்தித்தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மலையேறினேன்.

அன்று சாயங்காலம் டிவி முன்னால் என் மாமியார் சீரியலுக்காக உட்கார்ந்திருந்தார். அவருக்கும் எனக்கும் எப்போதும் வாய்த் தகராறுதான், ஆனால் ஒரு வேளை சோறு தனித்தனியாகச் சாப்பிட்டதில்லை. "கொஞ்ச நேரம் தள்ளு அத்தே" என்று டிவியின் பின்பக்கம் போனேன். மஞ்சள் ஓட்டையில் மஞ்சள் முனையைச் சொருகி, போர்டுக்குக் கரண்ட் கொடுத்தேன். போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. டிவியில் உய்யென்று ஒரு சத்தம் வந்ததே தவிரப் படம் வரவில்லை.

"அவ்ளோதானா உன் கம்ப்யூட்டரு?" என்றார் மாமியார்.

விறுவிறுவென்று பாறைக்கு ஓடி பாய்க்குப் போன் போட்டேன். "கலர பாக்காதம்மா. ஒவ்வொரு கேபிளும் ஒவ்வொரு மாதிரி வரும். மஞ்சள எடுத்துட்டு அந்த ஓட்டையில செவப்ப சொருவு" என்றார். திரும்பி ஓடிவந்து சொருகினேன். கறுப்புத் திரையில் வெள்ளை வெள்ளையாக வரிகள் கிடுகிடுவென்று மேலே ஏறின. "இன்னாடி இது, டிவியில எறும்பு ஊருது" என்றார் மாமியார். எறும்பு போய்ப் படம் வந்தது. அதன்மேல் மவுஸின் அம்புக்குறி. நான் கையை அசைத்தால் அதுவும் அசைந்தது.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அடக்கிக்கொண்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த டப்பா டிவியைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது.

அந்தச் சந்தோஷத்தில்தான் புத்தி கெட்டுப் போனேன். எங்கள் வீட்டில் புதுசாக எது வந்தாலும் பொட்டு வைக்காமல் புழங்கமாட்டோம். அரிவாள், குக்கர், மண்வெட்டி, எதுவாக இருந்தாலும் முதலில் மஞ்சள் குங்குமம். நானே எழுந்துபோய் மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து, போர்டின் நடுவில் நெற்றி மாதிரி மொழுமொழுவென்று இருந்த சிப்பின்மேல் அழகாக அப்பி, அதன்மேல் குங்குமமும் வைத்தேன். போர்டு அப்போது ஓடிக்கொண்டிருந்தது. ஈரம் வழிந்து ஓரத்தில் வரிசையாக நின்ற கம்பிகளுக்குள் இறங்கியது. சிவப்பு விளக்கு அணைந்தது. டிவி கறுத்துப்போனது.

கரண்டு ஓடுகிற இடத்தில் தண்ணீர் வைக்கக்கூடாது என்று பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். மூன்று வருஷம் படித்தவள் நான். மாமியார் வைத்திருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பேன். வைத்தது நானாகப் போய்விட்டதால் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் தலையில் அடித்துக்கொண்டேன்.

மறுபடியும் பாறை, மறுபடியும் பாய். நடந்ததைச் சொன்னேன். "கரண்ட எடுத்துட்டியா? நல்லது. ஊசி போடறதுக்கு மின்ன தொடைப்பாங்களே, அந்த ஸ்பிரிட்டுல பிரஷ்ஷ நனைச்சி, குங்குமம் துளிகூட இல்லாம தேய். ரெண்டு நாள் காய வுடு. அப்பறம் அல்லா வுட்ட வழி" என்றார்.

துணை சுகாதார நிலையத்து நர்சம்மாவிடம் ஸ்பிரிட் வாங்கிவந்தேன். பல் தேய்க்கும் பிரஷ்ஷைக் கையில் எடுத்தேன். மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா பண்ற? வெச்ச குங்குமத்த அழிக்கறதா? அதுவும் வெள்ளிக்கெழம, வூட்டுப் பொம்பள கையால?"

"அழிக்கலன்னா இது பொழைக்காது அத்தே."

"என் புள்ள வண்டியில போய்ட்டு வர்றவன். நீ பாட்டுக்கு அழிச்சிட்டு நிக்கற. அவனுக்கு ஒண்ணுன்னா?"

சாமியை நம்பித்தான் நானும் அதை வைத்தேன். பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். பரீட்சையும் போயிற்று, போர்டும் போயிற்று என்று மளமளவென்று கண்ணீர் கொட்டியது. நான் அழுது என் மாமியார் பார்த்ததில்லை. சண்டை போட்டுத்தான் பார்த்திருக்கிறார். சற்று நேரம் நின்றவர், உள்ளே போய்க் குங்குமச் சிமிழை எடுத்துவந்து டிவியின் மண்டையில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார்.

"எடம் மாத்தி வெச்சாச்சி. சாமி இப்ப அங்க இருக்குது. இனிமே நீ இத்த தேய்" என்றார்.

தேய்த்தேன். கம்பிக்குக் கம்பி, இடுக்குக்கு இடுக்கு தேய்த்தேன். அரிசிப் பானைப் பக்கத்தில் துணி விரித்து இரண்டு நாள் உலரவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் கரண்ட் கொடுத்தேன். விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் டிவியிலும் எறும்பு ஊர்ந்தது. "வந்துடுச்சி" என்று எனக்கு முன்னால் சொன்னவர் மாமியார்தான்.

அதற்கப்புறம் அந்த டிவி என்னுடையதாகிவிட்டது. பகலெல்லாம் கொல்லை, சாயங்காலமானால் கீபோர்டு. சீரியல் போச்சே என்று மாமியார் முணுமுணுத்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். இன்னொரு தொல்லையும் இருந்தது. பழைய டிவி என்பதால் எழுத்து கலங்கித் தெரியும். ணகரம் எது, னகரம் எது என்று கண்ணுக்குப் பிடிபடாது. கீபோர்டிலும் எழுத்தில்லை. அங்கே பார்த்தும் பிரயோசனமில்லை, இங்கே பார்த்தும் பிரயோசனமில்லை. எழுத்து இருக்கும் இடத்தை விரலே தெரிந்துகொண்டால்தான் உண்டு. இடது கையில் உயிர், வலது கையில் மெய் என்று மாடு மேய்க்கும்போதுகூடத் தொடையில் தட்டிக்கொண்டிருந்தேன்.

"நீ எதுனா பேசு அத்தே, நான் அடிக்கிறேன்" என்றேன் ஒருநாள். என்ன பேசுவது என்று தயங்கியவர், போன வருஷம் எங்கள் பலாவைத் திருடிக்கொண்டு போனவனைத் திட்ட ஆரம்பித்தார். அப்பப்பா, என்ன வேகம். முதல் வாரம் பாதியைத்தான் பிடிக்க முடிந்தது. கடைசி வாரம் ஒரு வசவுகூடத் தப்பவில்லை. அடித்ததை டிவியருகில் போய்க் கண்ணை இடுக்கிக்கொண்டு படித்துக் காட்டினேன். அவர் வாயில் கையை வைத்துக்கொண்டார். "நான் சொன்னது அப்பிடியே வந்துக்குதே" என்றார். அன்று அவர் முகத்தைப் பார்த்தபோது நான் படித்தது வீண் இல்லை என்று தோன்றியது.

தேர்வு நாளன்று விடியற்காலை ஜீப்பில் கிளம்பிச் செங்கம் போய்ச் சேர்ந்தேன். வந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் என்னைவிடச் சின்னப் பெண்கள், ஆளாளுக்குக் கையில் சென்டர் கொடுத்த சர்டிபிகேட் வைத்திருந்தார்கள். முன்னால் புது மானிட்டர், புது கீபோர்டு, பக்கத்தில் அடிக்க வேண்டிய தாள். தாளில் கண்ணை வைத்தேன். மணி அடித்ததும் விரல் தானாக ஓடியது. நிறுத்தச் சொல்லும்போது தாளை முழுதாக முடித்து இரண்டாம் தடவை பாதி வந்திருந்தேன்.

மத்தியானம் பலகையில் ஒட்டிய பட்டியலில் என் பெயர் முதலில் இருந்தது. நம்பாமல் மூன்று தடவை படித்தேன். கையெழுத்து வாங்க உள்ளே கூப்பிட்டார்கள். தேர்வு நடத்திய மேடம் என் விண்ணப்பத்தைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.

"நீங்க ஸ்கிரீனயே பாக்காம அடிச்சீங்க. எந்த சென்டர்ல கத்துக்கிட்டீங்க?"

"சென்டருக்கெல்லாம் போவலைங்க. வூட்டு கம்ப்யூட்டர்ல பழகுனேன்."

அவர் விலாசத்தைப் பார்த்தார். "நெல்லிவாசல்நாட்டுலயா? அங்க யாரு வந்து உங்களுக்கு செட் பண்ணிக் குடுத்தாங்க?"

"யாரும் வரலைங்க. நான்தான் மாட்டுனேன், நான்தான் கெடுத்தேன், நானேதான் சரியும் பண்ணேன்."

கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. வெளியே பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்து, கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.