செம்பில் வெட்டின பேர்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே மாப்பிள்ளையின் அம்மா அதைக் கேட்டுவிட்டார். கொடுத்த காபியைக்கூட இன்னும் தொடவில்லை. திருவொற்றியூர்க்காரர். குரல் கணீரென்று இருக்கும்.

"கோச்சுக்காதே அண்ணே. உன்னைப் பெத்தவரு, அவரு அப்பாரு ரங்கூன் கப்பல் ஏறிப் போன பொறவு பொறந்தாராமே? எத்தினி நாளு பொறவுன்னுதான் ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்கோ."

நைனா ராயபுரத்திலிருந்து தினமும் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போகிறவர். யாரிடமும் அடங்கிப் பேசமாட்டார். அன்று மெதுவாகத்தான் கேட்டார்.

"யாரும்மா சொன்னது?"

"யாரோ சொல்லாமயா என் காதுக்கு வருது? பொண்ணு எடுக்கச்சொல்ல வம்சம் பாக்கணுமா வேணாமா?"

கதவுக்குப் பின்னால் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். குழாயடிச் சண்டையில் எங்கள் வீட்டைத் திட்ட வருகிறவர்கள் எல்லாரும் கடைசியில் இதைத்தான் எடுப்பார்கள். என் தாத்தாவின் அப்பா கப்பல் ஏறினார், திரும்பி வரவில்லை, கடிதமும் இல்லை. முன்பு வந்த ஓர் இடமும் இந்தப் பேச்சிலேயே நின்றுபோனது. இதுவும் போனால் இனி யாரும் நம் வாசப்படி மிதிக்கமாட்டார்கள் என்று அம்மா சொல்லியிருந்தாள். காட்டுவதற்குக் காகிதம் ஒன்றும் கிடையாது. சப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரே காலியானபோது நாங்களும் வீட்டைப் பூட்டிக்கொண்டு மீஞ்சூர்ப் பக்கம் ஓடினோம். திரும்பி வந்தபோது பெட்டியில் இருந்ததையெல்லாம் கரையான் தின்றிருந்தது.

நைனா சொன்னார்: "எங்கப்பனுக்குப் பேரு வெச்ச அன்னிக்கு அவரு அப்பாரு குடுத்த வெங்கலச் செம்பு கீது. எண்ணூர்ல எங்கக்கா வூட்ல. ரெண்டு பேரு பேரும் வெட்டிக் கீது. ஊர்ல இல்லாதவரா வந்து குடுத்தாரு? வர்ற வெள்ளிக்கிழமை வா, காட்றேன்."

அப்படி ஒரு செம்பைப் பற்றி நான் அதுவரை கேட்டதில்லை. அம்மா அவரைப் பார்த்த பார்வையில், அவளும் கேட்டதில்லை என்று தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணூருக்குப் போனவர் சாயங்கால ரயிலில் வரவில்லை. மறுநாள் வந்தார். "அக்கா மீன் கொழம்பு வெச்சிது, துன்னுட்டுப் படுத்துட்டேன்" என்றார். எனக்கு அப்போதே உறுத்தியது. அத்தை எதைக் கொடுத்தாலும் பழைய புடவைத் துணியில் முடிச்சுப் போட்டுத்தான் கொடுப்பாள். இந்தச் செம்போ கடைக் காகிதத்தில் சுற்றி, சணல் கட்டி வந்திருந்தது. நான் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எனக்கு எப்போதும் இல்லை.

"தேய்க்காதேடி, பழசு பழசாவே தெரியட்டும்" என்றாள் அம்மா.

ஆனால் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள் நான். செம்பைக் கொல்லை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவர் உளியால் புள்ளி புள்ளியாகத்தான் குத்துவார். வருஷம் போகப் போக அந்தக் குழிக்குள் கறுப்பு ஏறிவிடும். புளி போட்டாலும் செங்கல் பொடி போட்டாலும் போகாது. தாத்தாவின் பேர் அப்படித்தான் கறுத்து, விளிம்பு மழுங்கி, செம்பின் நடுவில் இருந்தது. அதற்கு முன்னால் நெருக்கிப் பிடித்து, 'இன்னார் மகன்' என்று வெட்டியிருந்த எழுத்து மட்டும் புள்ளிக்குப் புள்ளி மின்னியது. விரல் வைத்தால் சுருக்கென்றது.

அப்படியானால் செம்பு பழசு. தாத்தா பேர் பழசு. அவர் அப்பா பேர் இந்த வாரத்தது.

வெட்டச் சொன்னது நைனாவா, அத்தையா? அதைவிட இன்னொன்று என்னைக் குடைந்தது. கொடுத்தவர் பேர் இல்லாத சீர்ப் பாத்திரத்தை நான் பார்த்ததே இல்லை. ஒரு கரண்டி கொடுத்தால்கூட அதில் பேர் வெட்டிக் கொடுக்கிற சனம் நாங்கள். இவ்வளவு கனமான செம்பைக் கொடுத்துவிட்டு, தன் பேரை வெட்டாமல் போனவர் யார்?

அம்மா சொன்னபடி அப்படியே விட்டால் மங்கின செம்பில் புது எழுத்துத்தான் முதலில் கண்ணில் படும். தேய்த்தேன். செம்பு பளபளத்தது. அப்போதும் பாதி எழுத்து கறுப்பு, பாதி மஞ்சள். வெள்ளிக்கிழமை கண்ணுக்கு மை இட்டபோது, அதே விரலால் புது எழுத்தின் மேலும் அழுத்தித் தேய்த்து, மேலாகத் துடைத்துவிட்டேன்.

அவர்கள் வந்தார்கள். எண்ணூரிலிருந்து அத்தையும் வந்திருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா செம்பை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"எனக்கு எழுத்து தெரியாது. நீ நாலாவது பட்ச்சவளாமே, நீயே படி."

படித்தேன்.

"சத்தமாச் சொல்லு பொண்ணே, வாயில கொழுக்கட்டையா வெச்சிக்கினு கீறே?"

இன்னார் மகன் இன்னார் என்று மறுபடி சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவர் எழுத்தின் மேல் விரலை ஓட்டினார்.

"அய்ய, இதுல எங்க தாத்தா பேரு…" என்று அத்தை ஆரம்பித்தாள்.

"அக்கா, அந்த வெத்தலைத் தட்டை இப்டி நவுத்து" என்றார் நைனா. ஊரையே வாயால் விரட்டுகிற அத்தை தட்டை நகர்த்திவிட்டு, ஒரு வெற்றிலையை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா விரலைத் தூக்கிப் பார்த்தார். நுனி கறுப்பாயிருந்தது. பிறகு என் கண்ணைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் என் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, அந்த விரலை என் கன்னத்தில் அழுத்தி ஒரு பொட்டு வைத்தார்.

"கண்ணு பட்டுடப் போவுது" என்றார். "தை மாசம் வெச்சிக்கலாம் அண்ணே."

கல்யாணம் ஆன பிறகு ஒரு தரம் அத்தையிடம் கேட்டேன், செம்பைக் கொடுத்தது யார் என்று. "உங்க நைனாவைக் கேளு" என்றாள். நைனாவைக் கேட்டேன். "உங்க அத்தைக்குத்தான் தெரியும்" என்றார். இரண்டு பேரும் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார்கள்.

மாமியார் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் நான் மை இட உட்கார்ந்தால் அவர் பார்வை என் விரலுக்கு வருவதுபோலவே இருக்கும். என் மூத்தவனுக்குப் பேர் வைத்த அன்று ஒரு புதுச் செம்பு வாங்கி வந்து என் கையில் கொடுத்தார். குழந்தையின் பேர் இருந்தது. அதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் பேர். அதற்கும் முன்னால் மாமனார் பேர்.

"நல்லாப் பாத்துக்கோ" என்றார். "எல்லாம் ஒரே நாள்ல வெட்டினது."