நீளக் கைச் சட்டை

பிற்பகல் இரண்டு பத்துக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளின் முழங்கை மடிப்பில் இரத்தம் கசிந்தது. கரப்பன் மறுபடியும் கிளர்ந்துவிட்டது. அவளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்கு ஓடினேன். தோல் வைத்தியர் மாலையில்தான் வந்தார்.

அந்த வெக்கையிலும் நீளக் கைச் சட்டையை மணிக்கட்டுவரை பொத்தான் பூட்டியிருந்தார். நான் கொண்டுபோகும் கிறீம்களை ஒவ்வொன்றாகத் திறந்து மூக்கருகே பிடித்து மணந்து பார்ப்பது அவர் வழக்கம். லண்டனிலிருந்து மச்சாள் அனுப்பியதை மணந்ததும் முகம் சுளித்தார்.

"உதென்ன, கலியாண வீட்டுக்குப் பூசுறதோ? உந்த வாசம்தான் தோலை எரிச்சலாக்குது. நான் தந்த மருந்து எங்கை?"

"நிப்பாட்டிப்போட்டன், டொக்டர். தோல் மெலியுமெண்டு பக்கத்து வீட்டு அக்கா சொன்னவ."

"அக்கா எந்த ஆஸ்பத்திரியிலை? நான் சொன்ன மாதிரிப் பூசினால் பயப்பிடத் தேவையில்லை."

சொறியப்போன மகளின் கையைப் பிடித்தேன். "இவளைச் சொறியாமலாவது இருக்கச் சொல்லுங்கோ."

அவர் சட்டைக் கையை மடித்து மகளிடம் நீட்டினார். முழங்கை மடிப்பில் அதே தடிப்பு.

"எனக்கும் சொறியச் சொல்லிக் கடிக்குது பிள்ளை. வாரும், இந்த மருந்தை ரெண்டுபேரும் பூசுவம்."

மகள் அவருக்குப் பூசிவிட்டு, "இனிச் சொறியாதேங்கோ" என்றாள், என் குரலிலேயே.

அடுத்தவர் உள்ளே வருமுன் அவர் சட்டைக் கையை இறக்கிப் பூட்டிக்கொண்டார். எங்களுக்கு மட்டும் ஏன் காட்டினார் என்று இன்றும் யோசிக்கிறேன்.