வீட்டுப் பெட்டியின் பதிவேடு

எங்கள் வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சிக்குப் பின்புறம், சீட்டுக்கட்டு அளவில் ஒரு சிறு கணினி இருக்கிறது. வெளியிலிருந்து வரும் இணைய இணைப்புக்கும் வீட்டுக் கருவிகளுக்கும் இடையில் அமர்ந்து அஃது ஒரே ஒரு வேலையைச் செய்கிறது. திறன்பேசியோ தொலைக்காட்சியோ ஓர் இணைய முகவரிக்குச் செல்ல வேண்டுமானால், அம்முகவரி எங்கே உள்ளது என்று முதலில் இந்தப் பெட்டியைக் கேட்கும். பெட்டி வழி சொல்லும். விளம்பர நிறுவனங்களின் முகவரியாகவோ நம் நடமாட்டத்தைக் கண்காணிப்போரின் முகவரியாகவோ இருந்தால் மட்டும், அப்படியொன்று இல்லவே இல்லை என்று சாதித்துவிடும்.

இதில் இயங்கும் மென்பொருள் கட்டற்றது. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். உரை எழுதுபவன் தான் பொருள்கொண்ட வழியை மறைக்காமல் காட்ட வேண்டும் என்று கல்லூரியில் காலமெல்லாம் சொல்லிவந்தவன் நான். ஆகவே இவ்வகை மென்பொருள்மீது ஓய்வுக்காலத்தில் எனக்குப் பற்று உண்டானதில் வியப்பில்லை. ஆனால் அந்த மூலநிரலில் ஒரு வரிகூட எனக்கு விளங்காது. எவரும் படிக்கலாம் என்பதற்காகவே நம்புகிறேன், நான் படித்ததில்லை. பெருநிறுவனங்களை நம்புவோர்க்கும் எனக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டால், வேறுபாடு உண்டு என்பது தெரியும். அதைச் சொல்லத்தான் வரவில்லை.

பெட்டியை வரவழைத்துத் தந்தவர், கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் திறன்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் இசுலாமிய நண்பர்.

"ஐயா, ஊரே வெளம்பரம் பாத்துக்கினு கீது. உங்க வூட்ல மட்டும் அப்படி இன்னா ரகசியம்?" என்றார்.

"குளிக்கும்போது கதவைச் சாத்துகிறீர்களே பாய், அங்கே என்ன ரகசியம்?"

அவர் சிரித்துவிட்டார். "சாத்துறன்தான். ஆனா தாழ்ப்பா ஜாஸ்தி போட்டா அவசரத்துக்குத் தொறக்க வராது, பாத்துக்கங்க."

தனியுரிமை பற்றி நான் பேசாத இடமில்லை. பொங்கலுக்கு வந்த உறவினரிடம், திருமணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம், ஒருமுறை பல் மருத்துவரிடம், அவர் வாயை மூட விட்ட இடைவெளிகளிலெல்லாம் பேசியிருக்கிறேன். ஒருவர் திறன்பேசியை இன்னொருவர் எட்டிப் பார்ப்பது அவர் மடலைப் பிரித்துப் படிப்பதற்கு ஒப்பாகும் என்பது என் முடிந்த முடிபு.

ஆயினும் பெட்டி ஒரு பதிவேடு வைத்திருந்தது. எந்தக் கருவி, எந்த முகவரியை, எந்நேரத்தில் கேட்டது என்று அது வரிசையாகக் குறித்துக்கொள்ளும். கடவுச்சொல் என்னிடம் மட்டுமே இருந்தது; முதல் நாள் தட்டியதைக் கணினியே வைத்துக்கொண்டதால் மறுபடி தட்டும் தேவை எழவில்லை. பெட்டியை அமைத்த நாளில் கருவிகளுக்கு நானே பெயரிட்டேன்: 'யான்', 'துணைவி', 'தொலைக்காட்சி'. நாள்தோறும் காலையில் நாளேட்டை முடித்துவிட்டு, கணினித் திரையில் அப்பதிவேட்டையும் ஒரு பார்வை பார்ப்பேன். தொலைக்காட்சி எத்தனை கண்காணிப்பாளரைத் தேடி ஓடி ஏமாந்தது என்று காண்பதில் ஒரு மகிழ்ச்சி. மடலைப் பிரிப்பதாக அது எனக்குத் தோன்றவே இல்லை. அண்மையில் 'துணைவி' என்ற பெயரின்கீழ் அகராதித் தளங்கள் மிகுந்திருந்தன. இந்த வயதில் அவருக்குத் தமிழார்வம் பிறந்ததே என்று உள்ளூர மகிழ்ந்தும் இருந்தேன்.

புரட்டாசித் திங்களில் ஒரு காலை, அதே பெயரின்கீழ் புதுச்சேரி மருத்துவமனை ஒன்றின் முகவரி கண்ணில் பட்டது. நினைவுக் குறைபாட்டுக்கு மட்டுமே மருத்துவம் செய்யும் இடம் அது. மறுநாளும் இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது. பதிவேடு வாயிற்கதவின் பெயரைத்தான் சொல்லும். உள்ளே சென்றவர் எந்த அறையில் என்ன கேட்டார் என்று சொல்லாது.

என் துணைவியார் கல்வராயன் மலையில் நெடுங்காலம் செவிலியராகப் பணியாற்றியவர். வீணாக ஒரு மருத்துவமனையைத் தேடுபவர் அல்லர். தமக்கு ஏதோ மறக்கத் தொடங்கியிருப்பதை உணர்ந்து தேடினாரா? அல்லது எனக்கு மறக்கத் தொடங்கியிருப்பதை அவர் கண்டுகொண்டாரா? கேட்டுவிட்டால் தீர்ந்தது. ஆனால் கேட்பதென்றால், உன் பின்னால் ஒளிந்து வந்து பார்த்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆகவே கேட்காமல் ஆராய முற்பட்டேன்.

"நேற்று நாம் வாங்கிய காய்கள் எவை, சொல் பார்க்கலாம்" என்றேன் ஒரு நாள்.

"கத்திரிக்கா, பொடலங்கா, கொத்தவரங்கா. ஏங்க, பரீட்சை வெக்கறீங்களா?" என்றவர், சற்றுப் பொறுத்து என்னைக் கேட்டார்: "இன்னிக்கு இன்னா கெழமைங்க?"

"புதன்."

"தேதி?"

சொன்னேன். தலையசைத்துவிட்டு உள்ளே போனார். இரண்டு நாள் கழித்து, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வாருங்கள், தூக்கம் நன்றாக வரும் என்றார். நானோ எங்கள் திருமணத்திற்கு வந்திருந்த உறவினர் பெயர்களை முறைமாற்றிக் கேட்டேன். ஒரு பெயரும் தவறவில்லை. நான் அவரை ஆராய்கிறேனா, அவர் என்னை ஆராய்கிறாரா, இருவரும் ஒருவரையொருவரா என்று தெளிவில்லாமல் ஐப்பசி பிறந்துவிட்டது.

அத்திங்களில் வெள்ளிமலைக்கு அருகே ஒரு சிற்றூரில் காதணி விழா. குழந்தையின் தாயைப் பிறந்தபோது முதலில் கையில் ஏந்தியவர் என் துணைவியார்தாம் என்பதால், போகாமல் இருக்க முடியாது. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து பேருந்து மலையேறியதும் திறன்பேசிகள் இரண்டும் வாயடைத்துப் போயின. எவரும் எதையும் கேட்க முடியாத, எந்தப் பதிவேட்டிலும் ஏறாத அந்த அமைதி எனக்குத் துணிவு தந்தது என நினைக்கிறேன். சாமைச் சோற்றுப் பந்தி முடிந்து ஒரு பலா மரத்தடியில் அமர்ந்திருந்தோம்.

"உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். உன் திறன்பேசி எந்தெந்த முகவரிக்குச் சென்றது என்பது பெட்டியில் பதிவாகும். அதை நான் படித்துவிட்டேன்."

"அந்தக் குட்டிப் பொட்டியிலயா?" என்று நிமிர்ந்தார். "நல்லா கீதுங்க உங்க நாயம். வெளியூருகாரன் பாக்கக் கூடாது, வூட்டுக்காரரு பாக்கலாமா?"

"தவறுதான். ஆனால் நினைவு மருத்துவமனையை எதற்காகத் தேடினாய்? உனக்காகவா, எனக்காகவா? அதை மட்டும் சொல்."

அவர் என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"நான் எங்கங்க தேடனேன்? நீங்கதான தேடனீங்க."

"நானா?"

"பொரட்டாசில ஒரு நாளு சார்ஜு போட்ட எடத்துல உங்க போனு தொறந்துக்கினு கெடந்துது. எடுத்து வெக்கப் போனன், அந்த ஆஸ்பத்திரி பேருதான் மேல இருந்துது. அன்னியிலருந்துதான் உங்கள கெழமை, தேதின்னு கேட்டுக்கினு கீறன்."

"அன்றே ஏன் கேட்கவில்லை?"

"எப்படிக் கேக்கறது? ஒருத்தர் போனை ஒருத்தர் பாக்கறது தப்புன்னு ஊரக் கூட்டிச் சொல்றவரு நீங்க. நீங்களே வாயத் தொறந்து சொல்வீங்கன்னு பாத்துக்கினு இருந்தன்."

"பதிவேட்டில் 'துணைவி' என்றுதானே இருந்தது?" என்றேன். என் குரல் எனக்கே வகுப்பறைக் குரலாகக் கேட்டது.

"ஆடி மாசம் போனை மாத்திக்கினோமே. உங்க போன்ல எழுத்து சின்னதா கீதுன்னு நீங்கதான் என்னுத வாங்கிக்கினீங்க. பாய்தான் சிம்மு மாத்திக் குடுத்தாரு. அதுவாச்சும் ஞாபகம் கீதா?"

அது நினைவில் இருந்தது. பெட்டியில் நான் பெயர் வைத்திருந்தது ஆளுக்கு அன்று, கருவிக்கு என்பதுதான் எனக்கு உறைக்கவில்லை. கருவி கைமாறிற்று, பெயர் மாறவில்லை. அகராதிகளைப் புரட்டிய 'துணைவி' நான். மருத்துவமனை வாயிலில் மூன்று நாள் நின்றதும் நான். ஆனால் நின்றது நினைவில் இல்லை.

திருக்கோவிலூரில் ஒரு கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கையில், அடுத்துச் சொல்ல வேண்டியது முழுவதும் அற்றுப்போய் அவைமுன் நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தண்ணீர் குடிப்பதுபோல் நேரத்தைப் போக்கினேன். வீடு திரும்பும்வரை அதையே எண்ணி வந்தேன். அதன்பின் ஒருவேளை தேடியிருப்பேன். என் கை தேடியதை என் மனம் வைத்துக்கொள்ளவில்லை, பெட்டி வைத்துக்கொண்டது. அந்தப் பெட்டி மட்டும் இல்லாதிருந்தால், நினைவு மருந்து விளம்பரங்கள் என் திரையில் நாள்தோறும் வந்து நின்று, தேடியவன் நீதான் என்று காட்டிக் கொடுத்திருக்கும். அவற்றையெல்லாம் வாயிலிலேயே திருப்பி அனுப்பிய பெருமையும் என்னுடையதே. கண்காணிப்போர் கையில் என்னைப் பற்றிய உண்மை இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்குமோ என்று ஒரு கணம் எண்ணினேன். இன்றுவரை அந்த எண்ணத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"பயப்படாதீங்க," என்றார் துணைவியார். "ஒரு நாளு மறந்தா நோயின்னு ஆயிடுமா? காட்டிப் பாத்துருவம். போறது வெள்ளிக்கெழமை."

"முன்பதிவு?"

"போன வாரமே பண்ணிட்டன். எப்படியாச்சும் ஏதாச்சும் சொல்லி இட்டுக்கினு போயிடலாம்னு இருந்தன்."

மறுநாள் காலை, பதிவேட்டை முழுவதும் அழித்துவிடுவதென்று கணினிமுன் அமர்ந்தேன். பிறர் மடலைப் பிரித்த குற்றத்துக்கு அதுவே கழுவாய் என்று பட்டது. ஆனால் பிரித்தது என் மடலையே அல்லவா? அழித்தால் எவருடைய தனியுரிமை காக்கப்படும்? துணைவியார் பின்னால் வந்து நின்றார்.

"அழிச்சிடாதீங்க. எந்தெந்த நாளு, எத்தினி வாட்டி தேடனீங்கன்னு டாக்டரு கேட்டா காட்டலாம். அப்புறம், இதுக்கு கடவுச்சொல்லுன்னு ஒண்ணு வெச்சிக்கிறீங்களே, அது இன்னா?"

"அதை எவரிடமும் சொல்லக் கூடாது."

"செரி. நாளைக்கு நீங்க மறந்துட்டீங்கன்னா? இந்தப் பொட்டி நின்னா வூட்ல டிவி ஓடாது, போனு ஓடாது. நான் யார்கிட்டப் போயி நிக்கறது?"

கடவுச்சொல்லை ஒருபோதும் தாளில் எழுதலாகாது என்று எத்தனையோ பேருக்கு எடுத்துரைத்த கையால், நாட்காட்டியிலிருந்து கிழித்த தாளின் பின்புறத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் உதடசைய இருமுறை படித்தார். பிறகு அதை நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"எனக்கு ஏறிடுச்சு. இப்ப நீங்க சொல்லுங்க பாப்பம்."

சொன்னேன்.

"சரிதாங்க," என்றார். மலையில் எத்தனையோ நோயாளிகளிடம் அவர் இதே குரலில் இதே சொல்லைச் சொல்லியிருப்பார். உண்மையில் சரியாகத்தான் சொன்னேனா என்பதைப் பெட்டியில் தட்டிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கின்றன. இதுவரை தட்டிப் பார்க்கவில்லை.