சில்லறைத் திருத்தம்

முதல் கண்ணாடி கிரேனில் தொங்கிக்கொண்டிருந்தபோதுதான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

யாழ்ப்பாண நகரில் ஒரு பழைய இரண்டு மாடி அரசாங்கக் கந்தோர்க் கட்டடம். முகப்பு முழுவதும் கண்ணாடி போடும் வேலை. மேற்பார்வைக்கு, ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தனான என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கண்ணாடி இருபத்து நான்கு. அவற்றின் மூலைகளைப் பிடிக்கும் ஸ்பைடர் என்ற எஃகுக் கைகள் முப்பத்தைந்து. ஒவ்வொன்றையும் சுண்ணக்கல் சுவரோடு பிணைக்க, துளையில் பசை விட்டு இறுக்கிய நான்கு ஆங்கர் போல்ட். மொத்தம் நூற்று நாற்பது. அவற்றில் மூன்றைத்தான் இழுத்துச் சோதித்திருந்தார்கள். எனக்கு அது போதவில்லை. சாரத்தில் ஏறி, ஒவ்வொரு ஸ்பைடரைச் சுற்றியும் சுத்தியலால் தட்டிக்கொண்டு போனேன்.

"அண்ணை, சுவருக்கு நாடி பிடிக்கிறியளோ?" கண்ணாடி பொருத்தும் பாலன் கீழே நின்று கத்தினான். "கண்ணாடி அந்தரத்திலை நிக்குது!"

இருபத்தெட்டு வரை கல்லின் சத்தம். மேல் வரிசையில், இருபத்தொன்பதாவதில், பொத்தென்றது. தொங்கிய கண்ணாடியின் மூலை அதிலேதான் ஏறவேண்டும்.

அந்த இடத்தை எனக்குத் தெரியும். போரில் இடம்பெயர்ந்து ஊர் திரும்பிய வருடம், இந்தக் கந்தோரை மூன்று நாளில் திறக்கச் சொன்னார்கள். செல் குண்டு பட்ட துளைகளில் உடைந்த ஓட்டுத் துண்டுகளையும் களிமண்ணையும் அடைத்து, மேலே சீமெந்து பூசுவித்தவன் நான்.

சொன்னால் என் பெயர் போகும். சொல்லாவிட்டால் நூறு கிலோக் கண்ணாடி என்றோ ஒருநாள் வீதியில் போகிறவர் தலையில் விழும்.

"நிப்பாட்டுங்கோ! கண்ணாடியை இறக்குங்கோ!"

பொறியியலாளர் தர்சினி, அச்சுவேலி ஊர்ப் பிள்ளை, கோப்போடு வந்தார். "ஐயா, பழைய றிப்போட்டைப் பாத்துத்தானே உதிலை போட்டது. சில்லறைத் திருத்தம் எண்டுதான் கிடக்கு."

"ஓம். எழுதினது நான்தான். உள்ளுக்குக் கல்லில்லை, பிள்ளை."

அவர் கையெழுத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண்ணாடி இறங்கிய பிறகு, இழுவைக் கருவியை அந்தப் போல்ட்டில் மாட்டச் சொன்னார். தாங்கவேண்டிய சுமையில் கால்வாசிக்கே போல்ட் வெளியே வந்தது. நுனியில் பசையோடு ஒட்டியபடி ஒரு சிவப்பு ஓட்டுத் துண்டு.

"எத்தினை துளை, ஐயா?"

படியைக்கூட எண்ணாமல் ஏறாதவன் நான். அந்தத் துளைகளை எண்ணவில்லை.

பின்னேரம் வரை சுவர் முழுவதும் தட்டி ஒன்பது இடம் கண்டோம். அவற்றைக் கிண்டி, கம்பி கட்டிக் கொங்கிரீட் போட்டு, அது இறுகி, நூற்று நாற்பது போல்ட்டையும் இழுத்துப் பார்த்த பிறகே கண்ணாடி ஏறியது.

இளம் மேற்பார்வையாளர்களுக்குச் சொல்கிறேன்: சுவருக்குள் எதை வைத்தீர்கள் என்று எழுதாமல் மேற்பூச்சுக்குக் கையெழுத்து வைக்காதீர்கள்.

அந்த ஒன்பதையும் கண்ட அன்றே, புறப்படும்போது தர்சினி கேட்டார்: "அந்த வருசம் வேறை எத்தினை கந்தோருக்கு உப்பிடி எழுதினனீங்கள்?"

அதற்கு எண்ணிக்கை இருந்தது. பதினேழு. அவற்றில் நான்கில் ஏற்கெனவே கண்ணாடி ஏறிவிட்டது.

அடுத்த நாள் காலை அந்த நான்கில் முதலாவதற்குப் போனேன். "என்ன விசயம், ஐயா?" என்று வாசலில் கேட்டார்கள். என் பெயரைச் சொல்லித் தொடங்கினேன்.