புழுவுக்குப் பெயர் கேட்ட தலைவர்

போன ஞாயிறு செலண்டார் எஸ்டேட்டுக்குப் போயிருந்தேன். அங்கே கோயில் மண்டபத்தில், பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒரு பெண் புழுவைப் பற்றிப் பேசினார். ஆமாம், புழுதான். நுரையீரலில் குடியிருக்கும் தட்டைப்புழு.

விஷயம் போன வருடம் ஆரம்பித்தது. என் சித்தப்பா மகன் மாரிமுத்து அங்கே எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான். இருமினால் ரத்தம். காசநோய் என்று எஸ்டேட்டே முடிவு கட்டிவிட்டது. மருந்தும் அதற்குத்தான் கொடுத்தார்கள். கோயில் தலைவர் வாசலோடு நின்று சொன்னார்: "திருவிழா முடியிற வரைக்கும் கோயில் பக்கம் வராத லா, மாரி. நாலு பேரு பயப்படுறாங்க."

வருடா வருடம் காவடி எடுப்பவன்... அந்த முறை ஜன்னலோரம் நின்று மேளச் சத்தம் கேட்டான்.

மருந்து கேட்கவில்லை. கடைசியில் டவுனில் ஒரு டாக்டர் வித்தியாசமாக விசாரித்தார் – பச்சை நண்டு சாப்பிட்டாயா? சாப்பிட்டிருந்தான். உடம்புக்குத் தெம்பு என்று யாரோ சொல்ல, ஓடை நண்டை இடித்துச் சாராயத்தில் கலந்து குடித்திருக்கிறான். சளியில் புழு முட்டை. மாத்திரை போட்டதும் இருமல் நின்றது.

பிறகுதான் ஆராய்ச்சிக்காரர்கள் வந்து நண்டு பிடித்தார்கள். பார்வைக்கு இந்தப் புழுக்கள் ஒன்று போலவே இருக்குமாம். மரபணுவைப் பார்த்தால்தான் இனம் தெரியுமாம். புது இனமாகக்கூட இருக்கலாம் என்று யாரோ சொல்லிவிட, தலைவருக்குத் தூக்கம் போயிற்று. இந்த ஞாயிறு கூட்டத்தில் மாரியை முன்வரிசையில் உட்காரவைத்து மாலையே போட்டுவிட்டார்.

அந்தப் பெண் பேசி முடித்ததும், தலைவர் இடுப்புப் பேஜரைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். "மிஸ், புது இனம்னா எங்க எஸ்டேட் பேர வைக்கலாமா? இல்ல... கோயில் நிர்வாகத்துல உள்ளவங்க பேரு?"

"புதுசு இல்லீங்க ஐயா. ஆசியாவுல பல நாட்டுல இருக்குற பழைய இனம்தான். மரபணு அப்படித்தான் காட்டுது."

தலைவர் முகம் தொங்கிப்போயிற்று. மாரிமுத்து மாலையைக் கழற்றி மடியில் வைத்தான்.

"நான் என்னா செய்ய முடியும் தலைவரே? இருந்த புழுவத்தான் குடுத்தேன்."

மண்டபமே சிரித்தது. அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. பச்சை நண்டு சாப்பிட்டவர்கள் வேறு யாராவது இருந்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும் என்றார். யார் கையும் உயரவில்லை.

வெளியே கார் கதவைத் திறந்தபோது தலைவர் மெல்ல என் தோளைத் தொட்டார்.

"தம்பி... நானும் அந்த நண்டுச் சாறு குடிச்சிருக்கேன். மிஸ்கிட்ட நீங்களே கேட்டுச் சொல்லுங்க லா. சளிய எதுல குடுக்கணும்?"

டப்பாவில் கொடுங்கள் என்றேன். மேலே பெயர் மட்டும் எழுதினால் போதும், பதவி வேண்டாம்.